மாத்திரை இருக்கிறது, ஆள் எங்கே?

மலாவி நாட்டின் வடகோடியில், ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது கரோங்கா மாவட்டம். எச்ஐவி தொற்றுக்கான இலவச ஏஆர்டி சிகிச்சை 2005 ஜூன் மாதம் அங்கே தொடங்கியது. அந்த வட்டாரத்தில் சுமார் 32,000 பேரிடையே நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் ஆய்வாளர்கள் அதற்கு முன்பிருந்தே குறித்துக்கொண்டு வந்தார்கள். சிகிச்சை வருவதற்கு முன், அங்கே 15 வயதை எட்டிய ஒருவர் 60 வயதுக்குள் இறந்துவிடுவதற்கான வாய்ப்பு 43 சதவீதம். பெரியவர்களின் சாவில் 65 சதவீதம் எய்ட்ஸால் நேர்ந்தது. மருந்து வந்த எட்டே மாதங்களில் பெரியவர்களின் இறப்பு விகிதம் குறைந்தது. ஆனால் எல்லா ஊரிலும் ஒன்றுபோலக் குறையவில்லை. தார்ச்சாலைக்கு அருகே இருந்த ஊர்களில் 35 சதவீதம் குறைந்தது. சாலையைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்களில் ஏறக்குறைய ஒரு மாற்றமும் இல்லை. 2008இல் லான்செட் இதழில் இந்த ஆய்வு வெளியானது.

எல்லோருக்கும் அதே மருந்து, அதே மருத்துவமனை, காசும் கிடையாது. பிழைத்தவர்களுக்கும் பிழைக்காதவர்களுக்கும் நடுவே இருந்தது ஒரு சாலை.

எச்ஐவி சிகிச்சையின் கதை பெரும்பாலும் மருந்தின் விலைக் கதையாகவே சொல்லப்படுகிறது. அது சொல்லப்பட வேண்டிய கதைதான். 2000ஆம் ஆண்டுவாக்கில் ஒரு நோயாளிக்கு ஓர் ஆண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில், மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலர் விலையில் மூன்று மருந்துக் கலவையைத் தர முன்வந்தார். அதன் பிறகு விலை சரிந்துகொண்டே வந்தது. டோலுடெக்ராவிர் அடங்கிய இன்றைய மாத்திரை 2017இல் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 75 டாலருக்குக் கிடைத்தது. 2023இல், எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கான உலக நிதியம் அதை 45 டாலருக்கும் கீழே கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, பன்னிரண்டு சென்ட்டு. பெரும்பாலும் இந்தியத் தொழிற்சாலைகளில் தயாராகும் மாத்திரை அது.

ஆனால் மலாவியில் எல்லா வகைப் பணத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் ஓர் ஆளின் மொத்த மருத்துவத்துக்கும் ஓர் ஆண்டில் செலவாவது சுமார் 40 டாலர்தான். பிரசவம், மலேரியா, எலும்புமுறிவு, அம்மைத் தடுப்பூசி எல்லாம் அதற்குள் அடக்கம். உலகிலேயே மலிவாகிவிட்ட எச்ஐவி மாத்திரைகூட ஏறக்குறைய அந்த மொத்தப் பங்கையும் விழுங்கிவிடும். ஆகவே மருந்து வெளியிலிருந்து வந்தாக வேண்டும். வருகிறது. கேள்வி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது: வந்த மருந்தை ஒருவர் இருபது, முப்பது ஆண்டுகள் ஒருநாள் விடாமல் விழுங்குவதற்கு வேறு என்னென்ன வேண்டும், அதற்கெல்லாம் பணம் கொடுப்பது யார்?

மலாவியை எடுத்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2004இல் நாடு முழுவதும் இலவச ஏஆர்டி தருவதென்று முடிவெடுத்தபோது அங்கே லட்சம் பேருக்கு இரண்டு மருத்துவர்கள்கூடச் சரியாகத் தேறவில்லை. செவிலியர் பணியிடங்களில் பாதிக்கு மேல் காலி. இருந்தவர்களில் பலர் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மற்ற பலரை எய்ட்ஸே கொண்டுபோனது. இப்படிப்பட்ட நாட்டில் வாழ்நாள் முழுக்கத் தரவேண்டிய ஒரு சிகிச்சையைத் தொடங்குவது பொறுப்பற்ற செயல் என்று அன்று வாதிட்டவர்கள் உண்டு.

மலாவி தன் காசநோய்த் திட்டத்திலிருந்து வழியைக் கண்டுபிடித்தது. 1980களில் நெதர்லாந்து மருத்துவர் காரெல் ஸ்டிப்லோ காசநோய்க்கு வகுத்துக் கொடுத்த முறை அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது: எல்லோருக்கும் ஒரே மருந்துத் திட்டம், ஒரே பதிவேடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. அந்தக் காசநோய்த் திட்டத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் அந்தோணி ஹாரிஸும் அவருடைய மலாவிச் சகாக்களும் அதே முறையை எச்ஐவிக்குப் பொருத்தினார்கள். மூன்று மருந்துகள் கலந்த ஒரே மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணும் சிடி4 பரிசோதனைக் கருவிக்காகக் காத்திருக்கவில்லை; நோயாளியைப் பார்த்து, அறிகுறிகளைக் கேட்டு, நிலை தீர்மானித்துத் தொடங்கினார்கள். மருத்துவர் இல்லாத இடத்தில் மருத்துவ உதவியாளரும் செவிலியரும் தொடங்கினார்கள்.

அந்த மாத்திரையில் இருந்த ஸ்டாவுடின் நல்ல மருந்தல்ல. கால் எரிச்சல், கன்னம் ஒட்டிப்போதல் என்று பக்க விளைவுகள் பலரைப் படுத்தின. பணக்கார நாடுகள் அதைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. மலாவி அறிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தது. சில ஆயிரம் பேருக்குச் சிறந்த மருந்தா, சில லட்சம் பேருக்குக் கிடைக்கக்கூடிய மருந்தா என்ற நிலையில் இரண்டாவதை எடுத்தது. அன்றைய இடுகாடுகளைப் பார்த்தவர்கள் அந்த முடிவைக் குறைசொல்ல மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி ஓர் அட்டை. ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவமனையில் ஒரு கனத்த அட்டை. வந்த தேதி, எடை, கொடுத்த மாத்திரை, திருப்பிக் கொண்டுவந்த புட்டியில் மிச்சமிருந்த மாத்திரை, அடுத்து வரவேண்டிய நாள் எல்லாம் அதில் ஒரு வரி. தேதி தாண்டியும் வராதவரின் அட்டை தனியே எடுத்துவைக்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைநகரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மேற்பார்வைக் குழுக்கள் கிளம்பும். ஒவ்வொரு சிகிச்சை மையத்துக்கும் போய் அட்டைகளைக் கையால் எண்ணும்: உயிரோடு இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை, காணாமல் போனவர் எத்தனை. பிறகு மருந்து அலமாரியைத் திறந்து புட்டிகளை எண்ணும். இந்த இரண்டு எண்ணிக்கையையும் வைத்துத்தான் அடுத்த காலாண்டுக்கு எவ்வளவு மருந்து அனுப்புவது என்று முடிவாகும். கணக்கைச் சரியாக வைத்திருக்கும் மையத்துக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் உண்டு. அதைச் சுவரில் மாட்டி வைப்பார்கள். மையங்கள் 700ஐத் தாண்டிய பிறகும் இந்தப் பழக்கம் விடப்படவில்லை. மின்சாரம் போய்ப்போய் வரும் நாட்டில் கம்ப்யூட்டரைவிடக் காகித அட்டை நம்பகமாக உழைத்தது.

2011இல் மலாவி இன்னும் துணிந்தது. கர்ப்பிணிக்கு எச்ஐவி இருந்தால், சிடி4 எவ்வளவு என்று பார்க்காமல், அன்றே வாழ்நாள் சிகிச்சையைத் தொடங்குவது என்று அறிவித்தது. அன்றைய உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் இப்படி ஒரு வழியே கிடையாது. சிடி4 கருவி சில மருத்துவமனைகளில் மட்டுமே இருந்தது. கர்ப்பிணி வருவதோ கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு. ரத்தம் அனுப்பி முடிவு வருவதற்குள் குழந்தை பிறந்துவிடும். இதுதான் மலாவி சொன்ன காரணம். ஒரு காலாண்டில் சிகிச்சை தொடங்கிய கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களின் எண்ணிக்கை 2011 நடுவில் 1,257; ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அது 10,663. 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் மலாவியின் வழியைத் தன் வழிகாட்டுதலில் சேர்த்துக்கொண்டது. ஏழை நாடு ஒன்று உலகத்துக்குப் பாடம் எடுத்தது என்று இதைப் பெருமையாகச் சொல்லலாம்.

ஆனால் அதே கணக்கேட்டில் இன்னொரு எண்ணும் இருந்தது. தொடங்கிய பெண்களில் 77 சதவீதத்தினரே ஓராண்டு முடிவில் சிகிச்சையில் இருந்தார்கள். தன் உடம்பு சரியில்லை என்று வந்து சிகிச்சை தொடங்கியவர்களோடு ஒப்பிட்டால், கர்ப்ப காலத்தில் தொடங்கியவர்கள் முதல் நாளோடு மறைந்துபோவது ஐந்து மடங்கு அதிகம் என்று மற்றொரு ஆய்வு காட்டியது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. ஒரு பெண் வயிற்றுப் பிள்ளையைக் காட்டிக்கொள்ள வந்தாள். உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரே காலைப்பொழுதில் எச்ஐவி என்றும் சாகும்வரை மாத்திரை என்றும் சொல்லிப் புட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டுக்குப் போய் அதைக் கணவனிடம் எப்படிச் சொல்வாள்?

புட்டியே ஒரு தொல்லை. நடந்தால் மாத்திரைகள் உள்ளே குலுங்கிச் சத்தம் போடும். மினிபஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். அதனால் புட்டிக்குள் பஞ்சை அடைப்பவர்கள் உண்டு. மாத்திரையைப் பிளாஸ்டிக் பையில் மாற்றிக்கொண்டு புட்டியை வழியிலேயே வீசிவிடுபவர்களும் உண்டு. மலாவியில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வைத்திருக்க வேண்டும். ஹெல்த் பாஸ்போர்ட் என்று பெயர். காய்ச்சலோ காயமோ, எதற்குப் போனாலும் அதில் எழுதுவார்கள். அதில் ஏஆர்டி என்று எழுதியிருந்தால் அதையும் ஒளிக்க வேண்டும். இதற்கு மேல் வழிச்செலவு. கபாசா என்னும் சைக்கிள் டாக்சிக்கும் மினிபஸ்ஸுக்கும் காசு வேண்டும். 2023 நவம்பரில் மலாவி நாணயத்தின் மதிப்பு ஒரே நாளில் டாலருக்கு 1,180 குவாச்சாவிலிருந்து 1,700 குவாச்சாவுக்கு இறங்கியது. பெட்ரோலும் மக்காச்சோள மாவும் விலை ஏறின. இலவச மாத்திரையை வாங்கப் போவதற்கு ஒருநாள் கூலியும் போய், பஸ் காசும் ஆவதென்றால் ஜனவரி, பிப்ரவரி பஞ்ச மாதங்களில் எதை விடுவது என்பது ஒவ்வொரு குடும்பத்திலும் எழும் கேள்வி.

இந்த ஓட்டையை அடைத்தது புதிய மருந்தல்ல, ஆட்கள். எச்ஐவியோடு வாழ்ந்துகொண்டு, ஒழுங்காகச் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் பெண்களையே மற்ற பெண்களுக்குத் துணைத் தாய்மார்களாக நியமித்துப் பார்த்தார்கள். 'நானும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன், என் பிள்ளைக்குத் தொற்று இல்லை, பார்' என்று சொல்லக்கூடியவர்கள். மலாவியில் நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், வழக்கமான முறையில் இரண்டாண்டு முடிவில் 66 சதவீதத் தாய்மாரே சிகிச்சையில் நிலைத்தார்கள். மருத்துவமனையிலேயே இத்தகைய துணை கிடைத்த இடங்களில் 80 சதவீதம். ஊருக்குள்ளேயே துணை கிடைத்த இடங்களில் 83 சதவீதம். எந்தப் புதிய மாத்திரையாவது இப்படி ஒரு முன்னேற்றம் காட்டியிருந்தால் உலகப் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

பக்கத்து நாடான மொசாம்பிக்கின் டெடே மாகாணத்தில் நோயாளிகளே ஒரு வழி கண்டார்கள். 2008 பிப்ரவரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் மாகாணச் சுகாதாரத் துறையும் சேர்ந்து, ஓர் ஊரில் இருக்கும் ஆறு பேர் வரை ஒரு குழுவாகச் சேர உதவின. மாதம் ஒருவர் முறைவைத்து மருத்துவமனைக்குப் போவார், தன்னைப் பரிசோதித்துக்கொள்வார், மற்றவர்களின் மாத்திரையையும் வாங்கிவருவார். அரைநாள் நடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றானது. முதல் இரண்டேகால் ஆண்டில் 291 குழுக்களில் 1,384 பேர் சேர்ந்தார்கள். வேறு இடத்துக்கு மாறிப் போனவர்கள் நீங்கலாக 1,301 பேரில் காணாமல் போனவர்கள் இரண்டு பேர் மட்டுமே. ஏற்கெனவே நிலைமை சீரானவர்களைத்தான் குழுவில் சேர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்கி நோய் முற்றியவர்களிடம் இந்த எண்ணிக்கையை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் இந்த யோசனை பல நாடுகளுக்குப் பரவியது. பின்னர் மலாவியிலும் சாம்பியாவிலும் 30 மையங்களில் நடந்த ஆய்வொன்று, ஆறு மாத மருந்தை ஒரே தடவையில் கையில் கொடுத்தால் நோயாளிகள் கூடுதலாக நிலைக்கிறார்கள் என்று காட்டியது. அடிக்கடி வரச்சொல்லி மிரட்டுவதைவிட, வரவேண்டிய தேவையைக் குறைப்பதே பலன் தந்தது.

இவ்வளவையும் சேர்த்துக் கட்டியதன் விளைவு 2020-21இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் தெரிந்தது. எச்ஐவி உள்ள பெரியவர்களில் 88 சதவீதத்தினர் தங்கள் தொற்றை அறிந்திருந்தார்கள். அறிந்தவர்களில் 98 சதவீதத்தினர் சிகிச்சையில் இருந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களில் 97 சதவீதத்தினரின் ரத்தத்தில் வைரஸ் கட்டுக்குள் இருந்தது. பல பணக்கார நாடுகள் எட்டாத எண்கள் இவை. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் நாட்டின் தெற்கைச் சூறையாடியபோது, வீட்டோடு மாத்திரையும் நோட்டுப் புத்தகமும் அடித்துச் செல்லப்பட்டவர்களை முகாம்களில் தேடிப் பிடித்து மீண்டும் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கும் ஆள்தான் வேண்டியிருந்தது.

அந்த ஆட்களுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது. மலாவியில் ஏஆர்டி மருந்தைப் பெரும்பாலும் உலக நிதியம் வாங்கித் தந்தது. பரிசோதனை செய்யும் உதவியாளர்கள், துணைத் தாய்மார்கள், கணினிப் பதிவாளர்கள், ரத்த மாதிரிகளைச் சுமந்துசெல்லும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் ஆகியோரில் பெரும்பகுதியினரை, 2003இல் தொடங்கிய பெப்ஃபார் என்னும் அமெரிக்கத் திட்டத்தின் பணம் தாங்கியது. அவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். திட்டத்தை நடத்திய தொண்டு நிறுவனங்களின் ஒப்பந்தப் பணியாளர்கள். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்து ஆணையிட்டார். நான்கு நாளில் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. உயிர்காக்கும் சிகிச்சைக்கு விலக்கு உண்டு என்று சில நாளில் திருத்தினார்கள். ஆனால் அதற்குள் பணி நீக்கக் கடிதங்கள் போய்விட்டன. மீண்டும் பணம் வரும் வழியும் அடைபட்டுக் கிடந்தது.

அலமாரியில் மாத்திரை இருந்தது. அதை நோயாளியோடு இணைத்த கை போயிற்று. தேதி தாண்டியவரின் அட்டையை எடுத்துவைக்க ஆள் இல்லை; எடுத்துவைத்தாலும் தேடிப்போக ஆள் இல்லை. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் திரும்பப் பெருகுகிறது, பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் திரும்புகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வைரஸ் எண்ணிக்கை பார்க்கும் மாதிரி ஆய்வகத்துக்குப் போகாவிட்டால், யாருக்குத் திரும்பியது என்பதும் தெரியாது.

இது மலாவியின் வறுமையால் மட்டும் நேர்ந்ததென்று நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்கா ஏஆர்டி மருந்தைத் தன் சொந்தப் பணத்திலேயே வாங்குகிறது. அதன் எச்ஐவிச் செலவில் அமெரிக்காவின் பங்கு சுமார் 17 சதவீதமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பங்கு 15,000க்கு மேற்பட்ட ஊழியர்களின் சம்பளமாக இருந்தது. அங்கேயும் முதலில் உடைந்தது ஆள்பலம். மறுபுறம், சொந்தப் பணம் இருந்தால் மட்டும் போதும் என்பதும் சரியல்ல. இந்தியா 2004 முதல் இலவச ஏஆர்டி தருகிறது. உலகத்துக்கே மாத்திரை செய்து அனுப்புகிறது. ஆனாலும் 2022 ஜூலையில் தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவன வாசலில், மாதக்கணக்கில் வரவேண்டிய மருந்தைச் சில நாள் அளவே தருகிறார்கள் என்று நோயாளிகள் போராட உட்கார்ந்தார்கள். கொள்முதல் ஏலம் தாமதப்பட்டால் தொழிற்சாலை பக்கத்து மாநிலத்தில் இருந்தும் பயனில்லை. மருந்து, ஆள், கொள்முதல் மூன்றில் எது அறுந்தாலும் நோயாளிக்கு விளைவு ஒன்றுதான்.

இனி என்ன செய்யலாம் என்ற பேச்சில் இப்போது அடிக்கடி அடிபடுவது, எச்ஐவிக்கென்று தனி ஏற்பாடு வேண்டாம், பொது வெளிநோயாளர் பிரிவோடு சேர்த்துவிடலாம் என்பது. அதில் நியாயம் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் சிகிச்சை தொடங்கியவர்களில் பலருக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. அவர்களுக்கு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் வந்துவிட்டன. ஒரே இடத்தில் எல்லாம் பார்ப்பது நல்லது. ஆனால் அட்டையையும், தேடிப்போகும் ஆளையும் விட்டுவிட்டு அறையை மட்டும் சேர்த்தால், ரத்தக் கொதிப்பு நோயாளிகள் இன்று எப்படிச் சத்தமில்லாமல் காணாமல் போகிறார்களோ அப்படியே எச்ஐவி நோயாளிகளும் காணாமல் போவார்கள். சேர்க்க வேண்டியது மறுதிசையில்: எச்ஐவிக்காக உருவான அட்டைக் கணக்கையும் துணையாளர்களையும் மற்ற நாள்பட்ட நோய்களுக்கு நீட்டுவது.

பணத்துக்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. ஜிம்பாப்வே 2000 முதல் வருமான வரி மீது 3 சதவீத எய்ட்ஸ் வரி வசூலிக்கிறது. அதில் கணிசமான பகுதி மருந்துக்குப் போகிறது. 2008இன் பணவீக்கம் அந்த நிதியைக் கரைத்ததும் உண்மை. முறையான சம்பளக்காரர்கள் குறைவாக உள்ள நாட்டில் அதன் அளவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதும் உண்மை. மலாவி முழு மருந்துச் செலவையும் விரைவில் ஏற்கும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் ஊழியரை ஏற்கலாம். அங்கே சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்கள் என்று ஒரு வகுப்பு உண்டு. 1960களில் பெரியம்மைத் தடுப்பூசி போடவும், பிறகு காலராவைக் கவனிக்கவும் அமர்த்தப்பட்டவர்களிலிருந்து வளர்ந்தது. அவர்கள் அரசுச் சம்பளப் பட்டியலில் இருப்பதால் 2025இலும் ஊர்களில் இருந்தார்கள்.

அமெரிக்கா 2025 செப்டம்பரில் வெளியிட்ட புதிய உலகச் சுகாதாரத் திட்டம், மருந்துக்கும் முன்களப் பணியாளருக்கும் 2026 நிதியாண்டு வரை முழுப் பணம் தருவதாகவும், பிறகு நாடு நாடாக ஒப்பந்தம் போட்டுப் பொறுப்பைப் படிப்படியாக அரசுகளிடம் மாற்றுவதாகவும் சொல்கிறது. 2024 கணக்குப்படி, உலகில் எச்ஐவியோடு வாழ்ந்த 4 கோடியே 8 லட்சம் பேரில் 3 கோடியே 16 லட்சம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினரைத் தொடும் பேரம் இது. மருந்துக்கான தொகையை இந்த ஒப்பந்தங்களில் யாரும் மறக்கப் போவதில்லை. செவிலியரையும் சேர்ப்பார்கள். துணைத் தாய், அட்டைப் பதிவாளர், மாதிரி சுமக்கும் ஓட்டுநர் ஆகிய மூன்று பணியிடங்களும் பெயரோடும் சம்பள விகிதத்தோடும், எந்த ஆண்டில் அரசுப் பட்டியலுக்கு மாறுகின்றன என்ற தேதியோடும் அவற்றில் எழுதப்பட வேண்டும் என்று சுகாதார அமைச்சகங்கள் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.